ஏழு மீட்டர் நாலு சென்டிமீட்டர்

வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவளுக்குத் தூரம் கூடுதல்.
அதனால் இரண்டாம் தடத்தின் தொடக்கக் கோட்டை
ஏழு மீட்டர் நாலு சென்டிமீட்டர்
முன்னால் தள்ளிப் போடுவேன்.
மூன்றாவது, பதினாலு எழுபது.
எட்டாம் தடத்துக்காரி ஐம்பத்து மூன்று மீட்டர் முன்னே நிற்பாள்.
கேலரியிலிருந்து பார்த்தால் சலுகை.
டேப் பிடித்தவனுக்கு அது கணக்கு.

பெரம்பூரில் மண்டலப் போட்டி.
நாலரை மணிக்கே வந்துவிட்டேன்:
இரண்டு மூட்டைச் சுண்ணாம்புப் பொடி,
அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பா, நூல்கண்டு, ஆணி.
நாய்கள் சோம்பல் முறிப்பதற்குள்
மைதானம் வெள்ளைக் கோடுகளாகிவிட்டது.

எட்டு மணிக்கு ஏசி பஸ்.
மாதவரம் பக்கம் புதிதாக வந்த பள்ளி.
மற்ற இடங்களில் வினாத்தாள் கொடுத்துச் சேர்ப்பார்கள்,
அங்கே ஸ்டாப்வாட்ச்.
அரூர், திருவாடானை, செங்கம் என்று
ஊர் ஊராய்ப் போய்க் கால்களைப் பொறுக்கி வருகிறார்கள்.
ஹாஸ்டல் இலவசம், முட்டை தினம் நாலு,
தண்ணீர் நிற்காத சிவப்புத் தடம்.

வியாசர்பாடியிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ.
மாநகராட்சிப் பள்ளி. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும்,
சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.
மைதானம் இருந்த இடத்தில் ஸ்மார்ட் வகுப்பறை கட்டியாயிற்று.
ஜபீனா ஓடிப் பழகுவது தெருவில்,
தண்ணி லாரி வருவதற்கு முன்,
நிறுத்திவைத்த ஆட்டோக்களுக்கு நடுவே.
'பிரேக் அடிச்சு அடிச்சுதான் ஓடுவேன்' என்று சிரித்தாள்.

நாலாம் தடம் யோகப்பிரியா, ஏசி பஸ்.
ஐந்தாம் தடம் ஜபீனா.
'அண்ணா, ஒரு பின் இருக்கா?'
மார்பு எண் ஒரு பக்கம் தொங்க, கேட்டவள் யோகப்பிரியா.
குத்திவிட்டபோது அவள் கை சில்லென்றிருந்தது.
'ரெண்டுக்குள்ள வரலன்னா
அடுத்த வருஷம் ஹாஸ்டல் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க.
அம்மாகிட்ட இன்னும் சொல்லல.'
சே.
அவளை எதிரியாக வைத்துக்கொண்டிருந்தால்
எனக்கு எவ்வளவு சௌகரியம்.

விசில். துப்பாக்கி.
முந்நூறு மீட்டர் வரை ஜபீனாதான்.
அதற்கப்புறம்
நாலு முட்டை ஓடியது,
ஊக்கிடம் இருந்து தப்பிய எண் துணி படபடத்து ஓடியது,
பிசியோ ஓடினார், டயட் சார்ட் ஓடியது,
பக்கத்திலேயே அரூர்க்காரியின் பயமும் ஓடியது.
முதலிடம், இரண்டாமிடம், ஒரே பள்ளி.
இரண்டு பேர்தான் மாவட்டத்துக்கு.
ஜபீனா மூன்று.

எதிர்ப்பு மனுவுக்கு ஐநூறு ரூபாய்.
வியாசர்பாடி பி.டி. சார் கடலைமிட்டாய்க்காரரிடம் சில்லறை மாற்றிக் கட்டினார்.
மேஜைக்குப் பின்னால் பதிவேடு புரண்டது:
ஜூனிலேயே சேர்ந்திருக்கிறாள், வருகை சரி, வயது சரி.
'அவளும் ஏழைப் பொண்ணுதான் சார்.
ஓடாதேன்னு சொல்லணுமா?'
சார் வாயைத் திறந்து மூடினார்.
ஐநூறு ரூபாய் திரும்பாதாம்.

எல்லாரும் போன பிறகு
ஐந்தாம் தடத்தில் டேப்பைப் போட்டுப் பார்த்தேன்,
முள்ளுஷூ இல்லாத அந்தக் கால் தடத்திலிருந்து கோடு வரை.
இரண்டு மீட்டர் பத்து.
வியாசர்பாடிக்குக் கோட்டை எங்கே போட்டிருக்க வேண்டும்,
எத்தனை மீட்டர் முன்னால்?
என்னிடம் இருக்கும் அட்டவணையில்
தடத்துக்குத்தான் கணக்கு இருக்கிறது, தெருவுக்கு இல்லை.

'மிச்சப் பொடி குப்பைக்கா போவுது?'
ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.
அரை மூட்டை கொடுத்தேன்.
எத்தனை தடம் போடுவே என்றேன்.
'ஒண்ணுதான் புடிக்கும்ணா, எங்க தெரு.
அதுவும் லாரி ஏர்ற வரைக்கும்தான் நிக்கும்.'

தோளில் வெள்ளையாய்க் கொட்டிக்கொண்டே போனாள்.
ஆட்டோ வரைக்கும் ஒரு கோடு,
கொஞ்சம் கோணலாக.