ஏழாவது ஸ்டட்

காலை நாலரைக்கு வரச்சொல்லியிருந்தேன்.
ஆகஸ்ட் மாத ஷுவைக்கில்
இரும்பு கொஞ்சமாவது ஆறியிருக்கிற நேரம்
அது ஒன்றுதான்.

நவாஃப் பட்டனை அழுத்தினார்.
டிக் டிக் டிக் டிக்,
பக்கத்து அறையில் யாரோ ஜாக்கெட் தைக்கிற மாதிரி.
ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு சத்தமில்லை.
"பார், தானாகவே சரியாகிவிட்டது"
என்றார், அரபியில் பாதி, இந்தியில் பாதி.

சரியாகவில்லை.
வார்ப்பிரும்பு சூட்டில் உப்பி
தன் விரிசலைத் தானே மூடிக்கொண்டது,
அவ்வளவுதான்.

இரண்டு நாள் ஆகும் என்றேன்.
ஒரு நாள் என்றார் பௌலோஸ், கவுன்டரிலிருந்து.
ஏசிக்குள் உட்கார்ந்தால் எல்லா வேலையும் ஒரு நாள்தான்.

வெப்பத் தகட்டுக்கு நாலு போல்ட்,
அதில் ஒன்று ஏற்கெனவே இல்லை.
சென்சார். டர்போவுக்கு எண்ணெய் போகிற குழாய்.
தண்ணீர்க் குழாய் (முழங்கைவரை வழிந்த கூலன்ட்டின்
அந்தத் தித்திப்பு நாற்றம்).
டவுன்பைப் நட்டுகள் மூன்றும் கண்ணுக்கு எட்டாத இடத்தில்,
விரல்நுனியால்தான் பார்க்கவேண்டும்.
டர்போவை மடியில் வாங்கி இறக்கினேன்.
சுண்டினால் விசிறி இன்னும் சுழல்கிறது, ஆட்டமில்லை.
நவாஃபுக்குப் பெரிய செலவு ஒன்று மிச்சம்.

மேனிஃபோல்டில் ஒன்பது ஸ்டட்.
மத்தியானம்வரை எண்ணெயில் ஊறவிட்டேன்.
குல் ஜமான் கேஸ் டார்ச்சால்
ஒவ்வொரு நட்டையும் சிவக்கச் சுட்டுக் கொடுத்தான்.
ஒன்று வந்தது. இரண்டாவது முனகிக்கொண்டு வந்தது.
ஆறுவரை வந்தது.
ஏழில் கை இலேசானது.

உடைவதும் கழல்வதும்
முதல் நொடியில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆனால் இது இன்றைக்கு உடைந்ததில்லை.
முறிந்த முகம் கருத்துக் கிடந்தது.
நட்டோடு வந்தது ஒரு விரற்கடைத் துண்டு,
அதில் கருகிப்போன சாம்பல்நிறப் பசை.
ஸ்டட்டை உடைத்த எவனோ
பசை வைத்து ஒட்டி, நட்டையும் மாட்டி,
மேலே தகட்டைப் போட்டு மூடியிருக்கிறான்.
இது பிடிக்கவேண்டியதையும் சேர்த்து எட்டாவது பிடித்து,
மேனிஃபோல்ட் கோணி,
சரியாக இந்த இடத்தில் வெடித்திருக்கிறது.
அந்தத் திருட்டுப் பயலைச் சத்தமாகத் திட்டினேன்.
குல் ஜமான் பஷ்தோவில் சேர்ந்துகொண்டான்.

சின்ன டார்ச் லைட்டை வாயில் கடித்தபடி
கழற்றிய நட்டுகளைப் புரட்டினேன்.
ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளி.
முறுக்கி முடித்ததும் சென்டர் பஞ்சால்
ஒரு தட்டு, பக்கத்தில் இன்னொரு தட்டு.
இந்தச் சந்தில் அப்படி வைக்கிறவன்
ஒருத்தன்தான்.

மூன்று வருடம் முன்பு, பழைய பட்டறை.
பெருநாளுக்கு முந்தின இரவு.
வண்டி அப்போது வேறு யாருடையதோ, வேறு நிறம்.
"விடிந்தால் வண்டி வெளியே நிற்கணும்"
என்ற பழைய முதலாளிமேல் போட்டுவிடலாம்.
போட்டுப் பார்த்தேன்.
ஏழாவது நட்டிலும் இரண்டு புள்ளி இருக்கிறதே,
அதை அவரா வைத்தார்?

குல் ஜமான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான்.
நான் நிறுத்தச் சொல்லவில்லை.

மிச்சமிருந்த துண்டின்மேல் நட்டு வைத்துப் பற்றவைத்தோம்.
பிய்ந்துவந்தது.
மறுபடி. மறுபடியும் பிய்ந்தது.
ஐந்தாவது நட்டுக்கு, இரவு ஒன்பதேகாலுக்கு,
அலறிக்கொண்டே அரைச் சுற்று சுற்றியது.
எண்ணெய் விட்டேன். முன்னும் பின்னும் ஆட்டி
முழுசாக வெளியே எடுத்து
பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். தொடை சுட்டது.

புது ஸ்டட், புது கேஸ்கெட், புது மேனிஃபோல்ட்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்று முறுக்கினேன்.
ஏழாவதில் ரெஞ்ச் க்ளிக் என்றது.
நம்பாமல் இன்னொரு தடவை வைத்துக் கேட்டேன்.

மறுநாள் நாலரை.
நவாஃப் பட்டனை அழுத்தினார்.
மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.
தூரத்தில் ஒரு லாரி பின்வாங்கும் பீப் சத்தம் தவிர
ஒன்றுமில்லை.

பில் போடும்போது பௌலோஸ் கேட்டார்:
"உடைந்த ஸ்டட் எடுத்த கூலி இருபது தினார் சேர்க்கட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
"ஏன்?"

இலேசாக வந்துவிட்டது என்றேன்.