எட்டாவது எபிசோடு

எர்ணாவூர் பாலம் ஏறியபோது மணி நாலு.
ராத்திரி பதினொன்றாகியும் டோல்கேட் தாண்டவில்லை.
எனக்கு முன்னால் முந்நூறு டிரெய்லராவது இருக்கும்.
எல்லாம் முடிகிற இடத்தில் ஜீரோ கேட்,
அதற்குப் பின்னால் கப்பல்.
என் பெட்டியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.
சீல் போட்டது. பூசான் போகிறது என்று மட்டும்
பேப்பரில் இருக்கிறது.

பின்வண்டி சாலமோனுடையது.
வரிசை நின்றால் பூட்டிவிட்டு
என் கேபினில் ஏறிக்கொள்வான்.
இருப்பது ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது.
அவனுக்கு வலது காது மந்தம், ஏர்ஹாரன் தின்றது.
இடது காதுக்கு ஒயர் எட்டாது.
அதனால் என் தோள்வரை சாய்ந்துகொள்வான்.
காசிமேட்டுக் காற்று, டீசல்,
அவன் நெற்றியில் தேய்த்த தைலம்.

கொரியா சீரியல். தங்கச்சி ஏற்றிக்கொடுத்தது.
ஒருவன் வீடுவீடாகப் பார்சல் போடுகிறவன்.
இன்னொருவன் பியானோவுக்குச் சுதி சேர்க்கிறவன்.
இரண்டாவது எபிசோடில்
"இன்னாடா, பொண்ணு எப்ப வரும்?" என்றான் சாலமோன்.
வராது என்றேன்.
கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான்.
மணலிப் பக்கம் ரிஃபைனரித் தீ எரிந்துகொண்டிருந்தது.
"சரி, ஓட்டு."

ஏழு எபிசோடில் நடந்தது இவ்வளவுதான்:
ஒரு குடை கைமாறியது. அது திரும்பி வந்தது.
பார்சல்காரனுக்குக் காய்ச்சல்.
மற்றவன் ஆரஞ்சு உரிக்கிறான்.
சுளையில் ஒட்டிய வெள்ளை நாரை
ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைக்கிறான்.
"நாரக்கூட எடுக்குறான் பாரு"
என்று சாலமோன் சொன்னது
இரண்டு நாள் என் காதிலேயே கிடந்தது.

எங்கள் பக்கம் ஒருத்தன் இன்னொருத்தனை
அத்தனை நேரம் பார்த்தால்
"இன்னா லுக்கு?" என்று கேள்வி வரும்.
அப்புறம் காலர். அப்புறம் ஸ்டேஷன்.
இவர்கள் பார்க்கிறார்கள்,
பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.
பின்னால் பனி விழுகிறது.
யாரும் யாரையும் அடிக்கவில்லை.

கீழே இங்கிலீஷ் ஓடும்.
நான் பத்தாவது, அவன் எட்டாவது.
ஒரு வரி கூட்டுவதற்குள் அடுத்தது வந்துவிடும்,
நிறுத்தி நிறுத்திப் படிப்போம்.
நிறுத்தினால் அந்த முகங்களும் நிற்கும்,
சொல்ல வாயெடுத்து, சொல்லாமல்.
படித்து முடித்த பிறகும் சில சமயம்
நான் விரலை வைப்பதில்லை.
அவனும் "ஓட்டு" என்பதில்லை.

எட்டாவதில் பியானோக்காரன் ஊருக்குப் போகிறான்.
சமையலறையில் முதுகு காட்டி நிற்கிறார் ஒருவர்,
எதையோ கழுவுகிறார்.
"அப்பா" என்றான்.
அது மட்டும் கீழே பார்க்காமல் புரிந்தது.
சாலமோன் நிமிர்ந்து உட்கார்ந்தான், காதிலிருந்து ஒயர் விழுந்தது.
அதற்குப் பின் அவன் சொன்னது நீளம்.
நாங்கள் படிக்கவில்லை.
தண்ணீர்க் குழாய் நின்றது.
அவர் திரும்புவதற்குள்
முன்வண்டி நகர்ந்துவிட்டது.
பின்னால் இருபது ஹாரன்,
அவன் வண்டிதான் அடைத்துக்கொண்டிருந்தது.

குதித்து இறங்கினான்.
"நான் இல்லாம பாக்காத."
ரெண்டடி போய்த் திரும்பினான். "சத்தியமா."

கேட்டில் மணி மூன்றரை.
செக்யூரிட்டி சீலில் டார்ச் அடித்தார்.
"இன்னாபா இது, எட்டு?"
பெட்டிக் கதவின் தூசியில்
விரலால் எழுதிய எட்டு,
பெரிதாக, ஒரு பக்கம் சாய்ந்து.
டோல்கேட்டிலிருந்து இங்குவரை
அவன் ஹெட்லைட்டில் அது தெரிந்திருக்கும்.
"கணக்கு சார்" என்றேன்.
அவர் சீல் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டார்.

கிரேன் தூக்கியபோது பெட்டி லேசாக ஆடியது.
எட்டு என் பக்கம் வந்தது, பிறகு கடல் பக்கம் போனது.
மழை இல்லாவிட்டால் பூசான்வரை தாங்குமோ என்னவோ.
அங்கே ஒருத்தன் துடைத்துவிடுவான்.

வெளியே வந்து டீக்கடையில் நிற்கிறேன்.
சாலமோன் இன்னும் உள்ளே.
சட்டைப்பையில் போன் சூடாக இருக்கிறது.
அதற்குள் அந்த மனிதர்
கையை ஈரமாக வைத்துக்கொண்டு
இன்னும் திரும்பவில்லை.