வெள்ளிக்கிழமைக்கு ஒரு மனு

மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு,
ஹாபாயின் தெற்குத் தீவிலிருந்து
நர்ஸ் ஹெய்லாலா எழுதுவது.

நீங்கள் அனுப்பிய படிவத்தில்
‘பிரச்சினை, சுருக்கமாக’ என்று
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள்.
இரண்டு வரியில் அடங்காது.
பின்பக்கம் திருப்புங்கள்.

சர்க்கரை கிளினிக் செவ்வாய்க்கிழமை,
காலை எட்டு முதல் பன்னிரண்டு.
அந்நேரம் ஆண்கள் பவளத்திட்டுக்கு அப்பால் கடலில்,
இல்லையென்றால் மரவள்ளிக் கொல்லையில்.
பெண்கள் வருகிறார்கள், விரலை நீட்டுகிறார்கள்,
கணவன் மாத்திரையையும் சேர்த்து வாங்கிப் போகிறார்கள்.
விழுங்கினாரா என்று நான் கேட்பதில்லை.
அவர்களும் சொல்வதில்லை.

ஆண்கள் கூடுவது வெள்ளி இரவு,
தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்.
மரக் கிண்ணத்தில் காவா கரையும்,
சிரட்டை கைமாறும்,
விடிய விடியப் பாட்டு.
சம்மணமிட்டு உட்காருவார்கள், வெறுங்காலோடு.
ஒரு நர்சுக்கு வேறென்ன வேண்டும் ஐயா?
இருபது பேர், நாற்பது பாதம்,
யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு.

நாற்பது என்றது வாய்ப்பழக்கம்.
முப்பத்தேழு.
போன வெள்ளி வாசலில் டார்ச்சடித்து எண்ணினேன்.
செருப்புக் கணக்கு
ஒற்றைப்படையில் முடிகிற ஊர் எங்களுடையது.

வைனிகோலோவுக்கு ஒரு பவளக் கீறல், அவ்வளவுதான்.
வலிக்கவில்லை. வலிக்காததால் காட்டவில்லை.
மூன்று மணி நேரப் படகில் பங்காய் போய்ச் சேர்ந்தபோது
முழங்காலுக்குக் கீழே
பேச ஒன்றுமில்லை என்றுவிட்டார் சர்ஜன்.

வலிக்காத காலைக் கண்டுபிடிக்க
ஒரு நைலான் இழை போதும்.
அது வளையும்வரை பாதத்தில் அழுத்தி
‘தெரிகிறதா?’ என்று கேட்க வேண்டும்.
நைலானைப் பற்றி இவர்களுக்கு
நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.
முப்பது பாகம் ஆழத்தில் மீன் முகர்வதை
விரல் நுனியில் அறிகிறவர்கள்.

‘நீயே கொட்டகைக்குப் போகலாமே?’
என் முதல் மனுவின் ஓரத்தில்
சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தீர்கள்.
தலைநகரத்துக்காரர் என்றாலும்
உங்களுக்கும் அக்காள் தங்கை இருக்கும்.
அந்த வட்டத்தில் என் அண்ணன் இருக்கிறான்.
அவன் சிரிக்கும் கூரைக்குக் கீழே
நான் நுழையக் கூடாது.
நுழைந்தால் அவன் எழுந்து போவான்,
காவா பாதியில் நிற்க.
அந்த மரியாதையை உடைக்கச் சொல்லி எழுதவில்லை.
அது நல்ல மரியாதை.
அதற்குள்ளேயே ஒரு வழியும் இருக்கிறது:
காவா கலக்க உட்காருபவள்
அங்கிருக்கும் எவனுக்கும் சகோதரியாக இருக்கக் கூடாது.
கால் பார்ப்பவளும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

வடக்குத் தீவு நர்ஸ் கலோலைனேவுக்கு
அங்கே நான்கு தம்பிகள்.
வெள்ளி மாலை அவள் இங்கே வரட்டும்,
நான் அங்கே போகிறேன்.
என் அண்ணனின் பாதம் அவள் மடியில்,
அவள் தம்பிகளுடையவை என் மடியில்.
நடுக்கடலில் எதிரெதிரே கடக்கும்போது
கையசைத்துக்கொள்வோம்.

செலவு: பெட்ரோல் நாற்பது லிட்டர்.
நெற்றி விளக்கு இரண்டு.
நைலான் இழை ஒரு பெட்டி, போன வருடமே கேட்டது.
செயற்கைக் காலின் விலையை நான் எழுத வேண்டாம்;
அந்த ரசீதுகளில் கையெழுத்து உங்களுடையது.

காவாவை நிறுத்தச் சொல்லவில்லை.
டின் மாட்டிறைச்சி பற்றித் தனியாக எழுதுவேன்,
கோபம் ஆறட்டும்.

‘ஆதாரம்’ என்றொரு கட்டம் இருக்கிறது.
நேற்றுவரை காலியாக விட்டிருந்தேன்.

வாசலில், வரிசையில் நாலாவது ஜோடி,
நீல ரப்பர் செருப்பு.
வார் அறுந்ததைத் தூண்டில் கயிற்றால்
அவனே தைத்திருக்கிறான்.
இடது செருப்பில், குதிகால் பதிந்த பள்ளத்தில்,
காபி சிந்தினாற்போல் ஒரு கறை.
தொட்டேன்.
ஈரம்.

உள்ளே அவன் குரல்,
அடிக்குரல், பிசிறில்லாமல்,
உடம்பில் எந்தக் குறையும் இல்லாதவன்
பாடுகிற மாதிரி.

இந்த மனு புதன்கிழமைப் படகில் வருகிறது.
அதே படகில் பதில் அனுப்புங்கள்.
வெள்ளிக்கு இடையில்
ஒரு நாள்தான் இருக்கிறது.