பூஜ்யம் இன்னிங்ஸ்

என் இடது கை ஆள்காட்டி விரல்
வலது கையில் இருப்பதைவிட அரைச் சுற்று தடிமன்.
குளிர்காலக் கையுறை விற்பவள் கேட்டாள், தேனீ கொட்டியதா என்று.
எட்சல் வின்க்லார் என்றேன்.

அவன் எறிவான். நான் குந்திப் பிடிப்பேன்.
நடுவில் அறுபது அடி, ஆறு அங்குலம்.
ஏழு கோடைகள். டாவன்போர்ட்டில் தொடங்கி இன்னும் மூன்று ஊர்கள்.
ஏப்ரலில் மிசிசிப்பி பெருகி மைதானத்தைச் சுற்றிக்கொள்ளும்,
இரும்புப் பலகை போட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள்.
இருநூறு பேர் வருவார்கள்.
பாதிப் பேர் அன்று ஹாட் டாக் ஒரு டாலர் என்பதால்.

குராசோ தீவிலிருந்து வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது.
முதல் பனியை நாக்கில் வாங்கி
"உப்பே இல்லையே" என்றான்.
மணிக்குத் தொண்ணூற்றேழு மைல்.
எங்கே போகும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஒருமுறை கொக்கு வேடம் போட்ட பையனின்
அலகைப் பெயர்த்துவிட்டது.

பேச்செல்லாம் விரல்களில்தான்.
ஒன்று என்றால் நேர்வேகம். இரண்டு வளைவு. மூன்று வழுக்கு.
நான்கையும் அசைத்தால் ஏமாற்று:
புயலாய்க் கிளம்பி, வந்து சேர மனமில்லாததுபோல் வருவது.
தலையசைப்பான். பிடிக்காவிட்டால் வெறித்துப் பார்ப்பான்.
ரோவீனா சொல்வாள், என்னிடம் நீ இவ்வளவு பேசியதில்லை என்று.

மூன்றாம் கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை,
பச்சை பீன்ஸை ஒடித்ததுபோல் ஒரு சத்தம்.
அறுபது அடி தாண்டி எனக்குக் கேட்டது.
பந்து வந்தது, நான் கேட்ட இடத்துக்கே,
முதல்முறையாக.

மணிக்கட்டிலிருந்து தசைநார் ஒன்றை உருவி
முழங்கை எலும்பில் துளையிட்டுத் தைத்தார்கள்.
பதினான்கு மாதம்.
பந்தே இல்லாமல் ஒரு துண்டைப் பிடித்து
காற்றில் உதறினான், உதறினான்.
திரும்பி வந்தபோது தொண்ணூற்றொன்று.
அப்போதுதான் எறியவே கற்றான்.

ஒரு ஆகஸ்ட் கடைசியில் மேலே கூப்பிட்டார்கள்.
மேலே என்றால் பெரிய லீக்;
அங்கே உன் பையை வேறொருவன் தூக்குவான்.
என்னைக் கூப்பிடவில்லை.
மோட்டல் அறையில், ஏ.சி. மேல் ஈரக் காலுறையைக் காயப்போட்டுவிட்டு,
டி.வி.யில் பார்த்தேன்.
எட்டாவது இன்னிங்ஸ்.
நான்கு பந்துகள், நான்கும் பால்.
ஆள் மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்தான்.
அடுத்தவன் முதல் பந்தையே வேலி தாண்ட அனுப்பினான்.
மேனேஜர் மேட்டுக்கு வந்து
பந்துக்காகக் கையை நீட்டினார்,
கடன் கொடுத்தவர் மாதிரி.

ஐந்து பந்துகள்.
அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

புள்ளிவிவரத்தில் இருக்கிறது:
வீசியது பூஜ்யம் இன்னிங்ஸ். விட்டது இரண்டு ரன்.
சராசரி போட வேண்டுமானால்
இரண்டைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும்.
அதனால் அந்தக் கட்டத்தில் எண் இல்லை,
படுத்துக் கிடக்கும் ஓர் எட்டு.
அவன் மகள் ரைசலின் பள்ளியில் அந்தக் குறியைப் படித்துவிட்டு வந்து
"அப்பா, உனக்கு முடிவே இல்லையாம்" என்றாளாம்.

மெக்சிகோவில் இரண்டு வருடம். தைவானில் ஒன்று.
இத்தாலியில், சம்பளம் தாமதமானால்
மீன் கொடுத்த ஒரு கிளப். பிறகு தோள் போயிற்று.
இப்போது வில்லெம்ஸ்டாடில்
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு வேலை.

டிசம்பரில் போன் செய்வான்.
குழாய்களைப் பற்றிப் பேசுவான், உப்பைப் பற்றி,
அது எந்த இரும்பையும் விடாது என்பதைப் பற்றி.
எங்கே சுற்றினாலும் அங்கே வந்து நிற்போம்.
"மூன்றாவது பந்து ஸ்ட்ரைக். அம்பயர் விட்டுவிட்டார்."
"ஆமாம்" என்பேன்.
கேமரா பக்கவாட்டில் இருந்தது, அங்கிருந்து தெரியாது.
தெரிந்திருக்கக்கூடியவன்
வேறு ஊரில் காலுறை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது பந்தைப் பற்றி அவன் வாயெடுப்பதில்லை.

போன் இடது கையில்.
வலது கை தொடைகளுக்கு நடுவே தொங்கும்.
விரல்கள் தாமாக இறங்குகின்றன,
நான்கு, அசைந்தபடி.

மறுமுனையில் ஆலையின் இரைச்சல்.
தலையசைத்தானா என்று
போனில் தெரிவதில்லை.