ஆறு

குத்தாய்சியில் ரியோனி கரை மீறிய இரவு.
நாளிதழ் அலுவலகத்தில் நெஸ்தான் மட்டும்.
திரையில் உடைந்த பாலம், இரண்டு படங்களாக.

முதலாவதில் குறையே இல்லை.
நிழல்கள் ஒரே பக்கம் சாய்கின்றன,
கடைப்பலகையில் எழுத்துப்பிழைகூட இல்லை.
ஆனால் நாற்பது பேரும் அழுகிறார்கள்,
ஒருவர்கூட மூக்கைச் சொறியவில்லை.
ஒதுக்கினாள்.

இரண்டாவது கோணல்.
ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல், பாதி நாய்.
நடுவில் கயிற்றைப் பற்றிய கை.
விரல்களை எண்ணினாள்: ஆறு.
பெரிதாக்கி எண்ணினாள்.
ஆறேதான்.

அழிக்கப் போனவள்
எதற்கும் இருக்கட்டுமென்று
அனுப்பியவரை அழைத்தாள்.

“அது என் மச்சான் வாஜா.
பிறவியிலேயே அப்படி.
இன்னும் கயிற்றை விடவில்லை.
படம் கிடக்கட்டும் அம்மா,
ஆறு ஏறுகிறது,
படகு வருமா?”