பன்னிரண்டு படம், ஆளில்லாமல்

படத்தில் மனிதர் யாரும் வரக்கூடாது என்பது
ஒப்பந்தத்தின் நான்காவது வரி.
மூன்றாவது வரி: தூண்கள் சாயக்கூடாது.

திறப்புக்கு இன்னும் ஒன்பது நாள்.
உச்சிப்புளி மணலில் உடைமரக்காட்டை வழித்து
எழுப்பிய கூடத்துக்குள்
விடியுமுன்னே முக்காலியை விரித்துவிட்டேன்.
மட்டக்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
மூச்சை அடக்குவது பழக்கம்.

கூரைக்கு வரைபடத்தில் ‘அலை’ என்று பேர்.
கடலோரம் எதைக் கட்டினாலும்
அலை என்றுதான் சொல்வார்கள் போல.
மல்லாந்து படுத்து
அகல லென்ஸில் பார்த்தேன்.
திருக்கை.
வெள்ளை வயிறு,
அதில் இரண்டு வரிசைச் செவுள்,
ஏசிக் காற்றுக்கு விட்டவை.
கீழக்கரையில் பிறந்தவளை
இதில் ஏமாற்ற முடியாது.

அறிவிப்புப் பலகை சோதனையில் ஓடியது.
எல்லா ஊருக்கும் புறப்பாடு 88:88.

கண்ணாடிச் சுவரில் படமெடுப்பவர் நிழல் விழும்.
அதற்காகவே கறுப்புடை போட்டு வரச் சொல்வார்கள்
இந்தத் தொழிலில்.
எனக்கு அந்தச் செலவு மிச்சம்,
அபாயாவோடு வந்தேன்.
கண்ணாடியில் இருட்டு மட்டும் நின்றது,
நடுவில் கையகல முகத்தோடு.
முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அரியநாச்சி மஞ்சள் வாளியோடு வந்தாள்,
தரை துடைக்க.
கறுப்புக் கண்ணாடியை லென்ஸில் திருகி
முப்பது நொடி திறந்து வைத்தால்
நடமாடுகிறவர்கள் படத்தில் தங்கமாட்டார்கள்.
“நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க,
விழமாட்டீங்க” என்றேன்.
“இந்த வழுவழுப்புலயா?” என்று
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

ஐந்தாவது படத்தைக் காட்டினேன்.
எட்டு கவுன்ட்டர், பதினாறு தூண்,
பளிங்காட்டம் தரை.
அவள் இல்லை.
ஒரே இடத்தில் இருந்ததால் வாளி இருந்தது.
“வாளிக்கு அடிச்ச யோகத்தப் பாரு.”

இருபத்திரண்டு வருசமாக
விமான நிலையம் என்றால் எனக்கு வெளிப்பக்கம்.
திருச்சியில் வாப்பா தம்மாமுக்கு,
மதுரையில் காக்கா கொழும்பு வழியாகக் குவைத்துக்கு,
பிறகு கல்யாணமாகி நாற்பதாம் நாள் இவர்.
அட்டைப்பெட்டியில் பேரெழுதி
நைலான் கயிறு கட்டுவது வரைதான் என் வேலை.
மீதியைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.
என் முகத்தின் மேலேயே
அவர்கள் முதுகு நடந்து போகும்.
நான் எடுக்காத படங்களிலெல்லாம்
அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.

இன்றைக்குத்தான் உள்ளே.
டிக்கெட் இல்லாமல், கூலிக்கு.

பன்னிரண்டாவதுக்கு
வாசல் கண்ணாடியை உள்ளிருந்து எடுத்தேன்.
வழியனுப்ப வருகிறவர்கள்
நிற்கப்போகும் கம்பித் தடுப்பு,
அதன் நிழலில் மூன்று ஆடுகள்,
அதற்கப்பால் உப்புக்காற்றில் வெளிறிய பனை.
ஆடுகள் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமில்லை.

“அசையாம நின்னா விழுவேனா?”
துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.
“விழுவீங்க.”
நின்றாள்.
பதினேழாவது நொடியில் எங்கோ ஒரு மைனா
கூரைக்குள் மாட்டிக்கொண்டு கத்தியது.
அதற்கும் திரும்பவில்லை.

பதின்மூன்றாவது படத்தில்
சேலைக்கரையின் நூல் தெரிகிறது,
கால் விரலில் தேய்ந்த மெட்டி தெரிகிறது.
வாய் மட்டும் கலங்கியிருக்கிறது.
எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து போன்:
ஐந்தாவதில் ஏதோ வாளி, எடுத்துவிடுங்கள்.
எடுத்தேன், ஐந்து நிமிட வேலை.
தரைப் பளபளப்பில் தலைகீழாகக் கிடந்த
அதன் மஞ்சளை
அவர்கள் கேட்கவில்லை,
நானும் தொடவில்லை.