சாய்வெழுத்து

பெருங்குடி. இரவு ஷிஃப்ட்.
லாடெக்கில் வந்த கணக்குக் கட்டுரையை
எக்ஸ்எம்எல் ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

எச்டிஎம்எல் என்றால் பரவாயில்லை,
படியில் தொங்கினாலும் விசில் கொடுக்கும்
இருபத்தொன்று ஜி கண்டக்டர்.
இது ஒரு கோணக்குறி மூடாவிட்டால்
மொத்தக் கோப்பையும் திருப்பியனுப்பும்.
மார்க்டவுனில் பக்கத்துக்கொரு நட்சத்திரம் போதும்,
ஏன் சாய்கிறாய் என்று கேட்காது.

இங்கே கேட்கிறார்கள்:
நூற்பெயரா, லத்தீன் பூச்சியா, மாறியா, அழுத்தமா?
பட்டியலில் பதினொரு காரணங்கள்.

நன்றியுரையில் மற்றவர்களுக்கெல்லாம்
பல்கலைக்கழகம் இருக்கிறது.
கடைசியில் ஒரு பெயர் மட்டும் சாய்ந்து:
இங்க்ரித்.

ஜெபராணியைக் கூப்பிட்டேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"வெறும் சாய்வுன்னு போடு, விடு."

போட்டேன். கோப்பு தேறிவிட்டது.
வேன் துரைப்பாக்கம் தாண்டியும்
பன்னிரண்டாவதற்கு
பெயர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.